கொட்டகைச் சாவியோடு ஒரு நன்றி மடல்

என் மாணவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், வாய்க்கால் பாசனக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் நீங்கள் நடத்திய பணி நிறைவு விழாவில் என்னால் சரியாகப் பேச முடியவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது ஒரு காரணம். இன்னொரு காரணம், மேடையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி நான் செய்ததே இல்லை. "வாத்தியார்தான் இந்த மண்ணில் பயறு விளையும்னு காட்டினார்", "வாத்தியார்தான் வாய்க்கால் சண்டையைத் தீர்த்தார்" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். முப்பத்தொரு வருஷம் வேளாண்மைப் பாடம் நடத்தியவனுக்கு விளைச்சலை யார் கணக்கில் எழுதுவது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த மடல். யார் பெயரையும் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். போட்டால் அவர்களில் இரண்டு பேராவது சண்டைக்கு வருவார்கள்.

முதல் நன்றி, அரை ஏக்கர் தந்த அம்மாவுக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளியில் வேளாண்மைப் பிரிவு இருந்தது, நிலம் இல்லை. வேர், தண்டு, விதை எல்லாமே கரும்பலகையில்தான் முளைத்தன. தரையில் படுத்துக்கொண்டு நீச்சல் சொல்லிக்கொடுப்பது போலத்தான். பள்ளிக்குப் பின்னால் இருந்த நிலத்தைக் கேட்டு அந்த அம்மாவிடம் போனேன். கணவர் தவறி அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "நஷ்டமானா யார் குடுப்பா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது எனக்குப் பிற்பாடு, சீமன் நாப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. 1903இல் டெக்சஸ் மாநிலத்தின் டெரல் என்ற ஊரில், போர்ட்டர் என்ற விவசாயியின் சொந்த நிலத்தில், அவர் கையாலேயே புது முறையில் பயிர் செய்யவைத்தவர் நாப். செயல்விளக்கப் பண்ணை என்று இன்று நாம் சொல்வதற்கெல்லாம் அதை முன்னோடியாகச் சொல்வார்கள். அதில் என் கண்ணில் பட்டது வேறு ஒரு சங்கதி. நஷ்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வியாபாரிகள் முன்கூட்டியே பணம் திரட்டி வைத்திருந்தார்கள். போர்ட்டருக்குப் பின்னால் ஓர் ஊர் நின்றது. இந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றது இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், அதுவும் கையில் ஒன்றுமில்லாதவன். "தெரியலம்மா" என்றேன். "சரி, பொய் சொல்லல. எடுத்துக்குங்க" என்றார்.

நஷ்டம்தான் வந்தது. முதல் போகத்தில் உளுந்து விதைத்தோம். செடி மஞ்சளித்து, முழங்காலுக்கும் கீழேயே நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சுகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். கீறினால் உள்ளே வெளுத்திருந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த போகத்துக்கும் நிலம் தந்தார். வேர்முடிச்சில் குடியிருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவைக் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதைத்தோம். இந்த முறை முடிச்சுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. பிளேடால் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பு. முன்வரிசையில் குந்தியிருந்த ஒரு பெண் கேட்டாள்: "சார், செடிக்கும் ரத்தம் இருக்கா?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியாததால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவள் கேட்டது கிட்டத்தட்ட சரி. முடிச்சுக்குள் இருக்கும் லெக்ஹீமோகுளோபின் நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் பொருள். காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடிக்கிற நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. பாக்டீரியா உயிர்வாழவோ ஆக்சிஜன் வேண்டும். அதை அளந்து அளந்து கொடுப்பதுதான் அந்தச் சிவப்பின் வேலை. அடுத்த வாரம் வகுப்பில் அவளை நிற்கவைத்து, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பதிலைச் சொன்னேன். அவள் இன்று ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். "உள்ளே சிவப்பா இருந்தா முடிச்சு வேலை செய்யுது" என்று இங்கே சின்னப் பையன்கூடச் சொல்கிறானே, அது அவள் கேள்வியிலிருந்து வந்தது.

இனி களையெடுக்க வந்த அக்கா. அவருக்குச் சொந்த நிலம் கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. நாங்கள் மண் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தோம். 'வி' வடிவத்தில் அரையடிக் குழி வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுத்து, பல இடத்து மண்ணையும் கலந்து, நாலு பங்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைக்கிற வேலை. வரப்போரம் கூடாது, மரநிழல் கூடாது, எரு குவித்த இடம் கூடாது என்று நான் சத்தமாகப் பாடம் சொல்கிறேன். பக்கத்துப் பாத்தியிலிருந்து அவர் தலையைத் தூக்கி, "அப்புறம் ஏன் சார் எருக்குப்பை கிடந்த இடத்துலயே தோண்டுறீங்க?" என்றார். போன வருஷம் அங்கே வண்டி வண்டியாக எரு கொட்டி வைத்திருந்தார்களாம். நிலத்துக்கு ஒரு ஞாபகம் உண்டு, ஆனால் அது கூலிக்கு வந்தவரிடம் இருந்தது.

அவரேதான் இன்னொரு நாள், "மருந்தடிச்ச வயல்லதான் சார் புகையான் அதிகம்" என்றார். நெல் தூரில் சாறு உறிஞ்சுகிற பூச்சி அது. நான் நம்பவில்லை. மருந்தடித்தால் பூச்சி கூடுமா? கூடும். வயலிலிருக்கும் சிலந்திகளும் மற்ற இரைவிழுங்கிகளும் முதலில் செத்துவிடுகின்றன, தண்டுக்குள் வைத்த முட்டையிலிருந்து வரும் புகையானைத் தின்ன ஆளிருப்பதில்லை. இந்தோனேசியா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1986இல் நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்துகளுக்கு அந்த நாட்டு அரசு தடை போட்டது. 1989இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். வாரம் ஒருமுறை விவசாயிகள் வயலில் இறங்கி, தூரில் என்ன பூச்சி எத்தனை என்று எண்ணி, அதைத் தாளில் படமாக வரைந்து, அடிக்கலாமா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நம் செவ்வாய்க்கிழமை வயல் வகுப்பை ஆரம்பித்தேன். எண்ணிக்கையில் எனக்கும் அந்த அக்காவுக்கும் வித்தியாசம் வந்தால் மாணவர்கள் அவர் சொன்னதையே எழுதினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்.

அடுத்து எழுதப்போவது எனக்குச் சுலபமில்லை. எழுதாமல் விட்டால் இந்த மடலே பொய்.

ஆறாவது வருஷம். மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்தோம். அடித்த கைத்தெளிப்பானை நான்தான் கழுவினேன். கழுவினேன் என்றால், ஒரு தடவை தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து நிலத்துப் பெரியவர் தன் பருத்திக்கு மருந்தடிக்க அதை இரவல் கேட்டார். கொடுத்தேன். ஒரு வாரத்தில் அவர் பருத்தியின் கொழுந்து இலைகள் சுருங்கி, நீண்டு, விரல் விரலாகத் தொங்கின. பருத்திக்கு 2,4-டி துளியூண்டு பட்டாலே போதும். அது ரப்பர் குழாயிலும் வாஷரிலும் ஒட்டிக்கொண்டு சாதாரண அலசலுக்குப் போகாது என்பது எனக்குத் தெரியும். தேர்வில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன்.

பெரியவர் நாலு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு நேராக வகுப்புக்கே வந்தார். பிள்ளைகள் முன்னால் மேசைமேல் போட்டார். "வாத்தியாரே, நஷ்டம் கேட்டு வரல. இது எதனால ஆச்சுன்னு பசங்களுக்குச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். யார் கழுவியது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு பாடத்தைப் பையன்கள் கொட்டாவி விடாமல் கேட்டது அன்றுதான். அந்த வருஷம் அவர் பருத்தி பிந்திக் காய்த்தது, அதுவும் கொஞ்சம்தான். அடுத்த விதைப்புக்கு வகுப்பே போய் அவர் நிலத்தில் வேலை செய்து கொடுத்தது. அதை அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் சாகும்வரை, நான் எதைப் பரிந்துரைத்தாலும் "நீங்க உங்க கையால செஞ்சு பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார். பல தடவை இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் குடும்பத்துக்கு என் நன்றி. உங்கள் தாத்தா அன்று திட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் வாய்க்கால் சங்கத் தலைவர் ஆன கதையும் உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லை என்பதுதான் என் தகுதி. தண்ணீர் முதலில் வரும் தலைமடையும் கடைசியில் வரும் கடைமடையும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரே விஷயமும் அதுதான். சண்டையைத் தீர்த்தது நானில்லை, தண்ணீர் திறந்துவிடும் அண்ணன். ஸ்பெயினின் வலென்சியா நகரில் வியாழக்கிழமைதோறும் நண்பகலில், பேராலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. பாசனக்காரர்களே நீதிபதிகள், வழக்கு முழுக்க வாய்ப்பேச்சில்தான் நடக்கும் என்று ஒரு கூட்டத்தில் பெருமையாக எடுத்துவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, "வாசல் எதுக்கு சார், மடையிலேயே உக்காரலாம். தண்ணி ஓடுறதப் பாத்துக்கிட்டே யாரும் பொய் சொல்ல முடியாது" என்றார். உட்கார்ந்தோம். மடையில் கோடு போட்ட அளவுகோல் குச்சி நட்டதும் அவர் யோசனை, ராத்திரியில் டார்ச்சோடு நடந்து அதைப் படித்துக் குறித்ததும் அவர். பற்றாக்குறை வருஷத்தில் கடைமடைக்கே முதலில் தண்ணீர் விடலாம் என்று ஒத்துக்கொண்ட தலைமடை அண்ணன் தம்பி இருவருக்கும் தனி நன்றி. அந்த வருஷம் உங்கள் வயல் காய்ந்ததை நான் பார்த்தேன்.

என்மேல் மொட்டைக் கடிதம் எழுதியவருக்கும் ஒரு கும்பிடு. பண்ணை விளைச்சலை வாத்தியார் விற்றுத் தின்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தில்தான் பதிவேடு எழுத ஆரம்பித்தேன். இன்று அதில் இருபத்தைந்து வருஷ விதைப்பு நாள், மழை, விளைச்சல் எல்லாம் இருக்கிறது.

என் மனைவிக்கு நன்றி சொன்னால் முறைப்பாள். வீட்டிலிருந்த துணியெல்லாம் நூறு நூறு விதையாகச் சுற்றி முளைப்புத்திறன் பார்க்கத்தான் போயிற்று, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

கொட்டகைச் சாவி தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. பதிவேடு இரண்டாம் தட்டில். அதில் பின்னால் நாற்பது பக்கம் வெற்றாக விட்டிருக்கிறேன், புது ஆசிரியருக்கு வேண்டும். தெளிப்பான் இரண்டு. சிவப்புச் சாயம் பூசியது களைக்கொல்லிக்கு மட்டும், அதை யாருக்கும் எதற்கும் இரவல் தராதீர்கள். கைப்பிடிப் பக்கம் சாயம் உரிந்திருக்கிறது. மழைக்கு முன்னால் யாராவது ஒரு பூச்சுப் பூசிவிடுங்கள்.