துருக்கிஸ்தானில் தலையிடாத ஆட்சியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய ஆசியாவில் உள்ள துருக்கிஸ்தானை ரஷ்யர்கள் 'மதத்தில் தலையிடாமல்' ஆண்டதாகத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை பாதிதான் சரி. 1867-இல் கவர்னர் ஜெனரலாக வந்த காஃப்மன், அரசு கண்டுகொள்ளாமல் விட்டால் இஸ்லாம் தானாகத் தேய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார். ஆனால், முன்பு ஆட்சியாளர் நியமித்து வந்த காஜி (இஸ்லாமிய நீதிபதி) பதவியைத் தேர்தலுக்கு விட்டாரே, அது தலையீடு இல்லையா?

வட்டாரத் தலைவர்களுக்கு நடந்த தேர்தலையும் கொஞ்சம் பாருங்கள். 50 வீட்டுக்கு ஒரு பிரதிநிதி. அவர்கள் கூடித்தான் 'வோலஸ்த்' எனும் வட்டாரத்தின் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 1,500 வீடுள்ள வட்டாரம் என்றால் வெறும் 30 ஓட்டு. விலைக்கு வாங்க எவ்வளவு நேரமாகும்? செலவான காசைத் தலைவர் வரி வசூலில் ஈடுகட்டிக்கொள்வார். மேலே இருந்த ரஷ்ய அதிகாரிக்கோ பெரும்பாலும் உள்ளூர் மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் சொன்னதே வேதம்.

1916-இல் 19 முதல் 43 வயது வரையுள்ள ஆண்களைப் போர்முனைப் பின்புல வேலைக்கு அனுப்ப ஜார் அரசாணை போட்டார். முறையான பிறப்புப் பதிவேடு இல்லாததால் பட்டியல் எழுதும் பொறுப்பு இதே கீழ்மட்டத் தலைவர்களிடம் போனது. காசு கொடுத்தவன் பெயர் நீங்கியது, ஏழையின் பெயர் ஏறியது. கலகம் மூண்டபோது ஜனங்கள் முதலில் கேட்டது அந்தப் பட்டியலைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்