போனுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு, அதைப் பிரித்துப் பார்ப்பவர்களின் திறந்த மடல்

பெறுநர்: இந்தியாவில் ஸ்மார்ட்போன் விற்கும் நிறுவனங்களின் தலைமை அலுவலகங்களில், மாடலுக்குப் பெயரும் விலையும் முடிவு செய்யும் பொறுப்பாளர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என இராமநாதபுரம் கடற்கரையோரம் போன் விற்கும், பழுது பார்க்கும் கடைக்காரர்கள் எழுதுகிறோம். நீங்கள் எப்படிப் பெயர் வைக்கிறீர்கள் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயர் எங்கள் மேசைக்கு வந்தபின் என்ன ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

சென்ற வாரம் ஒரு கடைக்கு வந்த போன்தான் இந்த மடலுக்குக் காரணம். நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறோம். கொண்டுவந்தவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். படகுத் தளத்தில் விழுந்து திரை நொறுங்கிவிட்டது. மணி அடிக்கிறது, அதிர்கிறது, படம் மட்டும் இல்லை. என்ன மாடல் என்று கேட்டால், "ப்ரோதான் தம்பி" என்கிறார். அந்தப் பெயரில் 4ஜி ஒன்று, 5ஜி ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போனால் மாடல் எண் தெரியும், ஆனால் அதைப் பார்க்கத் திரை வேண்டும். *#06# அடித்தால் ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வரும், அதற்கும் திரை வேண்டும். முதுகில் ஒட்டிய ஸ்டிக்கர் உப்புக் கை பட்டு எப்போதோ அழிந்துவிட்டது. பெட்டியை யாரும் பத்திரப்படுத்துவதில்லை.

மிச்சமிருப்பது ஒரே வழி. பின்மூடியைச் சூடுகாட்டித் திறந்து, முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றி, டிஸ்ப்ளே பிளெக்ஸில் (திரையைப் போர்டோடு இணைக்கும் பட்டை வயரில்) உள்ள எண்ணைப் படிப்பது. அதுவும் பேனல் செய்தவர் போட்ட எண். ஒரே போனுக்கு இரண்டு இடத்திலிருந்து பேனல் வாங்கியிருந்தால் எண்ணும் இரண்டு. கடைசியில் பெயரைச் சொல்லித்தான் ஆர்டர் போட வேண்டியிருக்கிறது. மதுரையிலிருந்து பஸ் பார்சலில் கோம்போ (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த திரை) வந்தது. ஒட்டுவதற்கு முன் போர்டில் செருகிப் பார்ப்பது முறை, செருகினால் கனெக்டர் உட்காரவில்லை. 5ஜி போனுக்கு வந்தது 4ஜி டிஸ்ப்ளே.

இது அதிர்ஷ்டமான தவறு, உடனே தெரிந்துவிட்டது. கனெக்டர் சரியாக உட்கார்ந்து, படமும் வந்து, ஒட்டி முடித்த பிறகு டச் வேலை செய்யாத போன்களும் உண்டு. அமோலெட் (தானே ஒளிரும் திரை) இருந்த இடத்தில் எல்சிடி (பின்விளக்கு வேண்டிய திரை) காப்பி போட்டால் திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார் செத்துப்போகும். அந்த சென்சார் பெரும்பாலும் திரை ஊடாகத் திரும்பி வரும் வெளிச்சத்தில் விரலைப் படிக்கிறது. எல்சிடியின் பின்விளக்குத் தாள்கள் அந்த வெளிச்சத்தை மறித்துவிடும். பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டால் சப்ளையர் திரும்ப எடுப்பதில்லை. நட்டம் கடைக்கு, கெட்ட பெயரும் கடைக்கு. போன் இல்லாமல் காத்திருந்தவருக்கோ, மீன் ஏலக்காசு கணக்கில் ஏறியதா, மறுநாள் படகு போகிறதா என்று கேட்க அடுத்தவர் போன்தான்.

ஆகவே எங்கள் கோரிக்கை: மாடல் எண்ணைப் போனின் உடம்பிலேயே, சிம் ட்ரேயில் பொறியுங்கள். பெட்டியின் முகப்பில் 'ப்ரோ' என்ற எழுத்து எவ்வளவு பெரிதோ, மாடல் எண்ணையும் அவ்வளவு பெரிதாக அச்சிடுங்கள்.

முடியாத காரியமில்லை. பல ஐபோன்களில் சிம் ட்ரே நுழையும் துளைக்குள்ளேயே மாடல் எண் பொறித்திருக்கிறது. திரை செத்தாலும் டார்ச் அடித்துப் படித்துவிடலாம்.

பெயர் மட்டும் போதாது என்பதற்கு உங்கள் பட்டியலே சாட்சி. ஒப்போவில் 2018-இல் ஏ5, 2019-இல் ஏ5எஸ், அதே ஆண்டில் 'ஏ5 2020'. மூன்றையும் மக்கள் 'ஏ5' என்றுதான் சொல்வார்கள். முதலிரண்டும் 6.2 அங்குலம், கடைசி 6.5. சாம்சங் ஏ12 முதலில் ஹீலியோ பி35 சிப்புடன் வந்தது, 2021-இல் அதே பெயரில் எக்ஸினோஸ் 850 சிப்புடன் இன்னொன்று. ரெட்மி நோட் 10 ப்ரோ கதை இன்னும் சுவையானது. 2021-இல் இங்கே அந்தப் பெயரில் விற்றது 64 மெகாபிக்சல் கேமரா போன். வெளிநாடுகளில் அதே பெயரில் விற்றது 108 மெகாபிக்சல், அதற்கு இங்கே 'ப்ரோ மேக்ஸ்' என்று பெயர். சீனாவில் அதே பெயரில் விற்றது எல்சிடி திரையும் வேறு சிப்பும் கொண்ட முற்றிலும் வேறு போன். கீழக்கரைக்கு விடுமுறையில் வரும் சபுராளி (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்) துபாயில் வாங்கிய நோட் 10 ப்ரோவும், உள்ளூரில் அவர் மச்சான் வாங்கிய நோட் 10 ப்ரோவும் ஒரே போன் இல்லை. இதை இரண்டு பேருக்கும் புரியவைப்பது எங்கள் வேலையாகிவிட்டது.

ஏன் இப்படி வைக்கிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். பெயர் போனைச் சொல்வதற்காக இல்லை, கௌரவத்தைச் சொல்வதற்காக. ஒன்பிளஸ் 2014-இல் முதல் போனை ₹21,999-க்கு இறக்கியபோது அதுதான் அவர்கள் உச்சம். 2020-இல் 8 ப்ரோ ₹54,999-க்கு ஏறியதும், ₹24,999 போனுக்கு 'நார்ட்' என்று தனிப்பெயர் தேவைப்பட்டது. பழைய பெயரிலேயே விட்டிருந்தால் மேலே உள்ளதன் மதிப்பு இறங்கியிருக்கும். ஷாவ்மி 2019-இல் ரெட்மியையும், 2020-இல் போகோவையும் தனிக்குடித்தனம் வைத்ததும் இதே கணக்குதான். முதல் போகோ எஃப்1 2018-இல் ₹20,999. அதே ஸ்னாப்டிராகன் 845 சிப் போட்ட ஒன்பிளஸ் 6 அப்போது ₹34,999. சிப் ஒன்றாக இருந்தும், ஏலக்கூடத்தில் மேசைமேல் கவிழ்த்து வைக்கும்போது எது மரியாதை பெற்றது என்று நாங்கள் சொல்ல வேண்டுமா?

மரியாதையை விற்பது உங்கள் உரிமை. ஆனால் மேலே சம்பாதித்த பெயரைக் கீழ்விலைப் போனுக்கு ஒட்டும்போது, வாங்குபவர் அந்த எழுத்துக்குத்தான் காசு கொடுக்கிறார். ₹9,999, ₹14,999, ₹19,999 என்ற படிக்கட்டில் உண்மையில் மாறுவது என்ன? கீழ்ப்படியில் பெரும்பாலும் இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பு, மேலே ஏறினால் யுஎஃப்எஸ் என்ற வேகமான சேமிப்பு. வாட்ஸ்அப் படங்கள் நிரம்பியதும் போன் ஏன் திணறுகிறது என்பதற்குப் பாதி விடை அங்கே இருக்கிறது. பெட்டியிலோ அது பொடி எழுத்தில்கூட இருக்காது. '8 ஜிபி ரேம்' என்று பெரிதாக இருக்கும், அதில் 4 ஜிபி சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது. மூன்று கேமரா என்பீர்கள், அதில் இரண்டு 2 மெகாபிக்சல்.

கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்வி வேறு: "தண்ணி பட்டா தாங்குமா?" தூசும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் குறியீடுதான் ஐபி எண். ஐபி54 என்றால் தண்ணீர்த் தெறிப்பு மட்டும். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். இந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, கடல்நீரில் இல்லை. விளம்பரத்தில் நீச்சல் குளம், வாரண்டி அட்டையில் 'நீர்ச் சேதத்துக்குப் பொறுப்பில்லை'. உப்புநீர் புகுந்த போனைச் சார்ஜில் போட்டால், மின்சாரம் ஓடும் பின்கள்தான் முதலில் பச்சை பூத்து அரிக்கும். காய்ந்தாலும் உப்பு உள்ளேயே இருந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அரிசிப் பானையில் புதைப்பதால் பயனில்லை. உடனே அணைத்து, சார்ஜர் பக்கமே போகாமல் கொண்டுவந்தால், பேட்டரியைக் கழற்றி ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றி மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் காப்பாற்றிவிடலாம். மறுநாள் வந்தால் உறுதி சொல்ல முடியாது. 'அல்ட்ரா' என்பதால் கடலுக்கும் தாங்கும் என்று நம்பி வாங்கியவர்களிடம் இதைச் சொல்லும்போது, அவர்கள் முறைப்பது உங்களை இல்லை.

ப்ரோ, ப்ரோ பிளஸ், மேக்ஸ், அல்ட்ரா எல்லாம் தீர்ந்துவிட்டன. அடுத்து 'சக்கரவர்த்தி' என்று வைப்பீர்களோ என்னவோ. பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் புதிது திறந்தார்கள். நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும் பாலம். அதற்கு 'பாம்பன் ப்ரோ மேக்ஸ்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. புதுப் பாலம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் உதிரிபாகம் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அங்கே கட்டுப்படுகிறீர்கள். அந்த அளவுக்கெல்லாம் இப்போது நாங்கள் கேட்கவில்லை. சிம் ட்ரேயில் ஒரு வரி, லேசரில் பொறித்த மாடல் எண். பெட்டி முகப்பில் அதே எண், பெயரின் அளவிலேயே. ஒரு முறை விற்ற பெயரை வேறு போர்டு, வேறு திரை உள்ள போனுக்கு மறுபடி வைக்க வேண்டாம். ஐபி எண் போடும் இடத்தில் 'கடல்நீருக்குப் பொருந்தாது' என்று தமிழில் இரண்டு சொல்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகுகள் கடலுக்குப் போய்க் கையில் காசு புரண்ட பிறகுதான் இந்தப் பக்கம் புதுப் போன் விற்பனை சூடுபிடிக்கும். அதற்குள் வரும் பெட்டிகளிலாவது மாடல் எண்ணைப் பார்க்கும்படி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையோர அலைபேசிக் கடைக்காரர்கள், பழுது நீக்குவோர்