மீன் ஏலக்கூடத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைக்காமல் இறக்கக் கோரி மனு

அனுப்புநர்:
கடற்கரைத் தெரு பொதுமக்கள்,
பாம்பன் வட்டாரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ராமநாதபுரம்.

பொருள்: ஏலக்கூடக் கூரை பிரிக்கும் வேலையை நிறுத்திவைத்து, தூசி கிளம்பாத முறையில் செய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கரையில் பழைய ஏலக்கூடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்துத் தகரம் போடும் வேலை தொடங்கியுள்ளது. கூரையை மாற்றச் சொல்லிக் கேட்டதே நாங்கள்தான். பிரிக்கும் விதம்தான் கவலையாக இருக்கிறது. மேலே நின்று சம்மட்டியால் அடித்து, ஷீட்டைத் துண்டு துண்டாகக் கீழே தள்ளுகிறார்கள். துருப்பிடித்த போல்ட் கழலாத இடத்தில் ஷீட்டையே கிரைண்டர் வைத்து அறுக்கிறார்கள். கச்சான் காற்று அந்த வெள்ளைத் தூளை வலை முடைகிற பெண்கள் மேலும், காயப்போட்ட நெத்திலி மேலும் கொட்டுகிறது. கேட்டால், "சிமெண்ட் தூசிதானே அண்ணே, தண்ணி ஊத்திக் கழுவுனா போயிரும்" என்கிறார் மேஸ்திரி.

மேலே பட்டது போகும். மூச்சில் போனதுதான் பிரச்சினை. சாதாரணத் தூசியில் பெரும்பகுதியை மூக்கு தடுத்துவிடும். மூச்சுக்குழாயில் ஒட்டியதைச் சளி மேலே தள்ளிவிடும். அதையும் தாண்டிக் காற்றுப்பை வரை போகிற நுண்தூளை அங்குள்ள விழுங்கு செல்கள் தின்று அப்புறப்படுத்தும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் சிமெண்டோடு கலந்திருக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை இதற்கு அடங்காது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிசாக இருப்பதால் ஆழம் வரை போய்விடும். சுமார் 20 மைக்ரோமீட்டருக்கு (ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு) மேல் நீண்டதை ஒரு செல்லால் முழுதாக விழுங்க முடியாது. பாதி விழுங்கிய செல் சிதைந்து சுற்றுப்புறத்தைப் புண்ணாக்கும். நாளடைவில் நுரையீரல் தழும்பேறி இறுகும்.

நீல, பழுப்புக் கல்நார் இழைகள் நுரையீரலில் பல பத்தாண்டுகள் கிடக்கும். நம் கூரை ஷீட்டுகளில் பெரும்பாலும் உள்ள வெள்ளைக் கல்நார் அவற்றைவிடச் சீக்கிரம் கரையும் என்பது உண்மையே. அதைச் சொல்லித்தான் விற்கவும் செய்கிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

நுரையீரல் உறையில் வரும் புற்று தலைகாட்டப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். இன்று கூரை மேல் நிற்கிற பையன்களுக்கு இருபது வயதுதான் இருக்கும். கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என 1995இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது ஆலைகளுக்கானது, ஆனாலும் இந்த வேலையில் இறங்கியவர்களின் பெயர்களையாவது எழுதிவைக்கச் செய்ய வேண்டுகிறோம்.

முழு ஷீட்டில் இழை சிமெண்டோடு இறுகியே இருக்கும். உடைக்கும்போதும் அறுக்கும்போதும்தான் வெளியே கிளம்பும். எனவே நன்றாக நனைத்து, போல்ட்டை மட்டும் வெட்டி, ஷீட்டை முழுசாக இறக்க உத்தரவிட வேண்டும். வேலையாட்கள் துண்டு கட்டினால் போதாது; நுண்ணிழை தடுக்கும் முகக்கவசம் தரவேண்டும். இறக்கியதைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் சுற்றி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காட்டும் இடத்தில் சேர்க்க வேண்டும். உடைந்த துண்டுகளைச் சிலர் வாசல் பள்ளம் மேவ எடுத்துப் போயிருக்கிறார்கள். வண்டி ஏற ஏற அவையும் தூளாகும் என்பதால், அவற்றையும் திரும்பப் பெற ஊராட்சிக்கு அறிவுறுத்த வேண்டும். அதுவரை வேலையை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடற்கரைத் தெரு பொதுமக்கள்

இணைப்பு: புகைப்படங்கள், கையொப்பப் பட்டியல்