தாளம் வாசித்தவருக்கும் பங்கு கொடுங்கள்

இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் பாடல் உரிமைகளை நிர்வகிக்கும் பதிப்பகங்களுக்கும்,

வணக்கம்.

1996 மார்ச்சில் தி ப்ராடிஜி என்னும் பிரிட்டன் மின்னணு இசைக்குழு வெளியிட்ட 'ஃபயர்ஸ்டார்ட்டர்' பிரிட்டன் தரவரிசையில் மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ரேவ் என்னும் இரவு நடனக் கூட்டங்களில் வளர்ந்த, பழைய பதிவுகளின் டிரம்ஸ் துணுக்குகளை வெட்டி ஒட்டி அமைக்கும் பிரேக்பீட் இசை, அந்த ஒரே பாட்டால் வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சி வரை வந்துவிட்டது. மூடிக் கிடந்த லண்டன் ஆல்ட்விச் சுரங்க ரயில் நிலையத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்த காணொளியில், அக்குழுவில் அதுவரை மேடையில் ஆடுபவராக மட்டுமே அறியப்பட்ட கீத் ஃப்ளின்ட், கண்ணில் மை அப்பி, தலையின் இருபுறமும் முடியைக் கொம்புபோல் நிறுத்திக் கேமராவை முறைத்ததைக் கண்டு பிபிசிக்குப் புகார்கள் போயின. 'வைப்அவுட் 2097' என்னும் வீடியோ விளையாட்டிலும் அந்த இசை ஒலித்தது. 2019 மார்ச்சில் ஃப்ளின்ட் இறந்தபோது, எசெக்ஸில் ரசிகர்கள் தெருவின் இருபுறமும் திரண்டு வழியனுப்பினார்கள்.

'ஃபயர்ஸ்டார்ட்டர்' பாட்டின் வருவாயில் பங்கு பெறும் இயற்றியோர் பட்டியலைத்தான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கிட்டார் துணுக்கு தி பிரீடர்ஸ் குழுவின் பதிவிலிருந்து எடுக்கப்பட்டதால் அக்குழுவின் கிம் டீலின் பெயர் அதில் இருக்கிறது. 'ஹே' என்ற கூவல் ஆர்ட் ஆஃப் நாய்ஸ் குழுவினுடையது என்பதால் அக்குழுவின் ஐவரும் இருக்கிறார்கள். (ஒரு கூவலுக்கு ஐந்து பெயர்!) ஆனால் பாட்டைத் தாங்கி நிற்கும் டிரம்ஸ், டென் சிட்டி குழுவின் 'டிவோஷன்' பாட்டின் ரீமிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டும், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெயர்கூட இல்லை.

மெட்டும் வரியும்தான் படைப்பு, தாளம் வெறும் வாசிப்பு என்னும் தங்கள் பழைய கணக்கே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் பதிவு செய்த 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சுமார் ஆறு நொடி டிரம்ஸ், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்னும் நடன இசை வகைகளே அதன்மேல் எழுந்தவை. அதற்காக ஒரு காசும் பெறாமல் அவர் 2006-இல் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-இல் சுமார் 24,000 பவுண்டு போய்ச் சேர்ந்தது. அதுவும் நிறுவனங்கள் கொடுத்த ராயல்டி (உரிமைத்தொகை) அன்று, ரசிகர்கள் இணையத்தில் திரட்டிய நன்கொடை.

ஆகவே, ஒரு பதிவின் தாளத்தை எடுத்தாள அனுமதி வழங்கும்போது, அதை வாசித்தவரையோ கணினியில் அமைத்தவரையோ அப்பகுதியின் படைப்பாளியாக ஏற்று, அவருக்கோ வாரிசுகளுக்கோ நிலையான பங்கு தரும் விதியை ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிய பாடல்களோடு நின்றுவிடாமல், பழைய ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும்போதும் இவ்விதி பொருந்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இசை ரசிகர்