க்னோசோஸ் செல்லும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அடுத்த மாதம் கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போகப்போவதாகவும், அங்குள்ள பழங்கால க்னோசோஸ் அரண்மனைக்கு ஒரு நாள் ஒதுக்கியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். கட்டடக்கலை படிக்கும் நீ அங்குள்ள சிவப்புத் தூண்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தூண்கள் பழையவை அல்ல. 1900-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் பின்னாளில் எழுப்பியவை. அரண்மனையைக் கட்டிய மினோவன் மக்கள், அதாவது பண்டைய கிரீட் மக்கள், நிறுத்தியவை மேலே பருத்துக் கீழே சிறுத்த மரத் தூண்கள். அவை எரிந்தும் மட்கியும் போயின. கிழக்குப் பகுதியின் பெரிய படிக்கட்டைத் தோண்டியபோது, கருகிப்போன மரங்களுக்குப் பதிலாக வேறு தாங்கல் கொடுக்காவிட்டால் மேல்தளங்கள் சரிந்திருக்கும் என்பதால், அந்த வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேற்குப் பகுதியில் ஊகத்தை நம்பி அவர் கான்கிரீட்டில் கட்டிய மேல்மாடியை என் மனம் ஏற்கவில்லை.

அந்தப் படிக்கட்டின் அடியில் சற்று நேரம் நின்று அண்ணாந்து பார். நாம் வேலையில் ஓ.டி.எஸ். (ஓப்பன் டு ஸ்கை) என்கிறோமே, அதுபோன்ற வானம் பார்த்த திறப்பு ஒன்றைச் சுற்றியே படிகள் இறங்குகின்றன. சரிவில் புதைந்த கீழ்த்தள அறைகளுக்கும் வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான் வந்தன. பக்கத்து மண்டபத்தில் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டைத்தூண்களும், இடையிடையே இரட்டைக் கதவுகளும் இருந்தன. திறந்தால், கதவுப் பலகைகள் தூண்களில் விட்ட பள்ளத்துக்குள் ஒடுங்கிவிடும். வெயில் காலத்தில் முழுவதும் திறந்து, குளிர் காலத்தில் அடைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் காற்றின் போக்கை அறிந்து இப்படிக் கட்டியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

முடிந்தால் இன்னொரு நாள் ஒதுக்கி, தெற்கேயுள்ள இன்னொரு மினோவன் அரண்மனையான ஃபைஸ்டோஸுக்கும் போய் வா, அம்மா. இத்தாலிய ஆய்வாளர்கள் தோண்டிய அந்த இடத்தில் க்னோசோஸைப் போல எதையும் பெரிதாகத் திரும்பக் கட்டவில்லை. க்னோசோஸின் நடுமுற்றம் ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்டது. ஃபைஸ்டோஸ் முற்றமும் அதைப் போலவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. கட்டடத்தின் நடுவே மீந்த இடம் அல்ல அது. அறைகளெல்லாம் அதைச் சுற்றித்தான் அமைந்தன. ஃபைஸ்டோஸிலிருந்து பார்த்தால் வடக்கே ஈடா மலை தெரியும்.

படம் எடுப்பதோடு விடாமல் முற்றத்தைக் காலடியால் அளந்து, கையால் ஒரு வரைபடம் போட்டு அனுப்பு. படிக்கட்டில் வெளிச்சம் எந்தப் படிவரை இறங்கியது என்று நேரத்தோடு குறித்து வை.

அன்புடன்,
அப்பா