ஒரு செக்கன் அசையாமல் நின்றவர்

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழின் நடுப்பக்கத்தில் மலையக நீர்வீழ்ச்சிகளின் படங்கள் வந்திருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து போன குழு எடுத்தவை. அந்தக் குழுவில் நானும் ஒருவன். பக்கத்தின் மேற்பாதியை நிறைத்திருக்கும் படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பின்னால் சென்கிளேயர் அருவி, முன்னால் கொழுந்துப் பையோடு ஒரு பெண். கீழே "கொழுந்து பறிக்கும் மங்கை" என்று போட்டிருந்தீர்கள். அவருக்குப் பெயர் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர். பத்திரிகையில் போடலாமா என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பிழை எங்களுடையது. உங்களுக்குப் படத்தை அனுப்பியவர்கள் நாங்கள்தான்.

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு பதினான்கு பேர் வான் ஒன்றில் வெளிக்கிட்டோம். இரவிரவாக ஏ9 வழியே கண்டி, பிறகு கம்பளை, புசல்லாவை என்று ஏறி, விடியும்போது இறம்பொடையில் நின்றோம். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லின் மேல் பிறந்த எங்களுக்கு ஆறென்று சொல்ல இருப்பது வழுக்கியாறு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும்தான் ஓடும். தண்ணீரைக் கிணற்றுக்குள் குனிந்து பார்த்தே வளர்ந்தவர்கள். அன்று அண்ணாந்து பார்த்தபோது எங்களில் இரண்டு பேர் கமராவை எடுக்கவே மறந்துபோய் நின்றார்கள். அந்தக் காலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அங்கிருந்து நுவரெலியா தாண்டித் தலவாக்கலைப் பக்கம் இறங்கினோம். டெவோன், சென்கிளேயர் இரண்டையும் வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். தென்மேற்குப் பருவ மழைக்காலம் என்பதால் மேகம் மூடியிருந்தது. அருவியை எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது, வெயில் அடித்தால் நுரை வெளிறி அழிந்துபோகும். ட்ரைபொட்டில் கமராவை வைத்து, லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டரை ஒரு செக்கன் திறந்து வைத்தால் விழுகிற தண்ணீர் பட்டுச்சேலை விரித்ததுபோல் வரும். இதைப் படமெடுக்கிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். அந்த ஒரு செக்கனுக்குள் மனிதர் அசைந்தால் முகம் கலங்கிப்போகும் என்பதையும் அறிவார்கள்.

அந்த வழியாகத்தான் அவர் வந்தார். தலையில் கயிறு மாட்டி முதுகில் கொழுந்துப் பை தொங்கியது. எங்களில் ஒருவர், "அக்கா, ஒருக்கா அதிலை நில்லுங்கோ" என்றார். நின்றார். "அசையாதேங்கோ" என்றோம். அசையவில்லை. ஒருவர் எடுத்து முடிய மற்றவர், அவர் முடிய இன்னொருவர். நானும் எடுத்தேன். பை நிறைய ஈரக் கொழுந்து, அதன் பாரம் முழுக்க நெற்றியில். கால்மணித்தியாலம் இருக்கும். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "இப்ப போகலாங்களா ஐயா? நிறுக்கிற நேரமாயிருச்சு." நேரத்துக்கு நிறுவைக்குப் போகாவிட்டால் அன்றைய கிலோ குறையும், கிலோ குறைந்தால் சம்பளம் குறையும். அது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. போகும்போது இன்னொன்றும் சொன்னார். "போன வருசமும் வந்தாங்க, எடுத்தாங்க. ஒரு படம்கூட எங்க கண்ணுல பட்டதில்ல."

நான் கொக்குவிலில் முப்பது வருடமாக ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கலியாண வீட்டில் எடுத்த படத்தை அல்பம் போட்டுக் கொடுக்காமல் விட்டால் எங்களுடைய சனம் சும்மா விடுமா? வாசலில் வந்து நிற்கும். சாமத்திய வீட்டுப் படமொன்றை வீட்டாரைக் கேட்காமல் கடைக் கண்ணாடியில் வைத்தால் தொழிலே போய்விடும். இங்கே ஒரு பெண்ணின் படத்துக்கு இத்தனை கட்டுப்பாடு வைத்திருக்கிற நாங்கள், வவுனியா தாண்டியதும் அதை எங்கே கழற்றி வைக்கிறோம்? மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். உங்கள் பத்திரிகையும் எழுதியது. அவர்களும் நாங்கள் பேசுகிற தமிழைத்தான் பேசுகிறார்கள். கேட்பதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, கேட்டாலே போதும்.

அதே பக்கத்தில் சென்கிளேயரை "இயற்கையின் கொடை" என்றும் எழுதியிருந்தது. 80 மீற்றர் உயரமும் பெரிய அகலமும் உள்ள அந்த அருவிக்கு மேலேதான் ஆற்றை மறித்திருக்கிறார்கள். 2012இல் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் நிலையத்துக்காக, 150 மெகாவாட். இப்போது எவ்வளவு தண்ணீர் விழும் என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மின்சாரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. படத்தின் கீழே இரண்டு வரி எழுத இடமிருந்தால் இதை எழுதலாம் என்கிறேன்.

ஊருக்கு வந்ததும் அவருடைய படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, சட்டமிட்டு, வீதியோரத் தேநீர்க் கடைக்காரர் மூலமாகக் கொடுத்துவிட்டேன். இந்தத் திங்கட்கிழமை அவரே தொலைபேசியில் பேசினார். படம் வந்ததாம், லயத்து வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்களாம். பேப்பரிலும் வந்திருக்கிறதாமே என்று கேட்டார். கொழும்பில் வேலை செய்கிற மகள் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள். கோபம் இல்லை. ஆனால் "மொதல்லயே சொல்லியிருந்தா நல்ல சேலை ஒண்ணு கட்டியிருப்பேனே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த இதழில் அந்தப் படம் அவருடைய சம்மதமின்றி வெளியானது என்று ஒரு வரி போடுங்கள். இனிமேல் முகம் தெரிகிற படம் யார் அனுப்பினாலும், கேட்டு எடுத்தீர்களா, பெயர் என்ன, அவருக்கு ஒரு பிரதி போனதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். எங்கள் குழுவிலும் இதைப் பேசியிருக்கிறோம். இரண்டு பேருக்கு மனவருத்தம், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு இதழில் இரண்டு பிரதிகளை எனக்காக எடுத்து வையுங்கள். புதன்கிழமை அலுவலகத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் வான் சாரதி தலவாக்கலைக்குப் போகிறார்.

ஸ்ரூடியோ உரிமையாளர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.