ஒரு தட்டு உங்களுக்காக

அன்புள்ள அண்ணனுக்கு,

"எந்த வேலையிலும் நிலையா நிக்கல, கடைசில புத்தகக் கடைக்கு வந்து சேர்ந்தேன்" என்று சொன்னீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அச்சகத்தில் புரூஃப் பார்த்த பழக்கம் இன்னும் உங்களை விட்டுப் போகவில்லை. புதுக் கட்டைப் பிரித்ததும் நாங்கள் எல்லாம் அட்டையைப் பார்ப்போம். நீங்கள் ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்பட்ட பக்கக் கட்டு, வரிசை மாறியிருக்கிறதா, நடுவில் பதினாறு பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று புரட்டுவீர்கள். கெட்டி அட்டைப் புத்தகம் என்றால் முன்னால் சில பக்கம், பின்னால் சில பக்கம் என்று மாற்றி மாற்றி விரித்து, விரலால் மெல்ல நீவி, கடைசியில்தான் நடுப்பகுதிக்கு வருவீர்கள். அப்படித் திறந்தால் முதுகு உடையாது என்று வாங்குபவருக்கும் செய்து காட்டுவீர்கள்.

அப்புறம் நில அளவை. பயண நூல் தேடி வருபவரிடம், முதலில் உள்ளே வரைபடம் இருக்கிறதா பாருங்கள் என்பது அங்கிருந்து வந்தது. மருந்துக் கம்பெனியில் இருந்தபோது டாக்டர்களுக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் தடித்தடியான ரஷ்ய நாவல்களை முடித்திருக்கிறீர்கள். வருகிறவர் பேச விரும்புகிறாரா, தனியாக விட்டுவிட வேண்டுமா என்று முகம் பார்த்தே கணிக்கிறீர்களே, அதுவும் அந்த வேலை தந்ததுதான் என்று நினைக்கிறேன்.

அம்மாவை இழந்த ஒரு பெண் ஆறுதலாகப் படிக்க ஏதாவது கேட்டபோது, பறவைக் கையேட்டை எடுத்துக் கொடுத்தீர்கள். "காலையில எழுந்து வெளியே போக ஒரு காரணம் வேணும்மா" என்றீர்கள். விடியலில் பைனாகுலரோடு கிளம்புகிற ஒருவருக்குத்தான் அது தோன்றும்.

உங்களைப் போலவே வேறு வேலைகள் பார்த்துவிட்டுப் புத்தகக் கடைக்கு வந்த சில்வியா பீச்சை நினைத்துப் பாருங்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரான்ஸில் பண்ணை வேலை செய்தார், பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தோடு செர்பியாவுக்குப் போனார். 1919இல் பாரிஸில் கடை திறந்து, ஆங்கிலப் புத்தகங்களை விற்றார், வாடகைக்கும் கொடுத்தார். ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற எழுத்தாளரின் 'யுலிசிஸ்' நாவலை அச்சிடப் பதிப்பகங்கள் பயந்தபோது, 1922இல் தானே வெளியிட்டார். பாஸ்டனில் ஹென்றி நாக்ஸ் என்பவர் 1771இல் புத்தகக் கடை வைத்தார். பீரங்கிப் படை பற்றிய நூல்களைத் தன் கடையிலேயே எடுத்துப் படித்தார். வாடிக்கையாளர்களாக வந்த ராணுவ அதிகாரிகளிடம் பேசிப் பேசி நுணுக்கங்களைக் கற்றார். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1775-76 குளிர்காலத்தில், டைகொண்டெரோகா கோட்டையிலிருந்து ஏறக்குறைய 60 பீரங்கிகளைப் பனியில் இழுத்து வந்து அமெரிக்கப் படைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனிடம் சேர்த்தது இவர்தான். அந்தப் பீரங்கிகள் வந்த பிறகுதான் பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டு வெளியேறியது. விற்கிற சரக்கையே ஆசையாகப் படித்த கடைக்காரர், அவ்வளவுதான்.

உங்கள் ரசனை முழுக்க எனக்கு ஒத்துப்போகும் என்று சொல்ல மாட்டேன். கவிதைக்கு நீங்கள் இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். ஆனால் உங்களுக்குப் பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்லி இதுவரை யார் தலையிலும் கட்டியதில்லை. அதனால்தான் நீங்கள் நீட்டுகிற புத்தகத்தை யோசிக்காமல் வாங்கிக்கொள்கிறோம்.

ஒன்று கேட்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டை உங்களுக்கென்று ஒதுக்குங்கள். எது அதிகம் விற்கிறது என்ற கணக்கு அங்கே வேண்டாம். நீங்கள் படித்ததை மட்டும் வையுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு: ஏன் பிடித்தது, எங்கே சலித்தது. அகராதிகளும் அங்கே இருக்க வேண்டும். அகராதியை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். சீட்டு எழுத நேரமில்லை என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகத் தம்பி